சிவப்புக் கயிறும் ஒரு சுவிட்சும்: ஜல்லி கிரஷர் பெல்ட்டுக்கு எந்த புல் கார்டு வாங்கலாம்?

கன்வேயர் பெல்ட்டின் ஓரமாக ஓடும் கயிற்றை எங்கிருந்து இழுத்தாலும் பெல்ட்டை நிறுத்தும் சாதனம்தான் புல் கார்டு. அந்த சுவிட்சை ஆர்டர் கொடுத்தால் அட்டைப்பெட்டிக்குள் செங்கல் அளவில் ஒரு வார்ப்பு அலுமினியப் பெட்டி வரும். இரண்டு பக்கமும் வளையம் கோத்த கை, மஞ்சளோ சிவப்போ பூசிய மூடி, கேபிள் நுழைய இரண்டு துளை, ஓரத்தில் ஒரு ரீசெட் கைப்பிடி. அவ்வளவுதான். கயிறு இருக்காது. கயிற்றைத் தாங்கும் வளையப் போல்ட்டான ஐ-போல்ட் இருக்காது. திம்பிள் (கயிற்று முனை மடிப்புக்குள் வைக்கும் வளையம்), கிளாம்ப் (மடித்த முனையை இறுக்கும் பிடி), டர்ன் பக்கிள் (திருகிக் கயிற்றை இறுக்கும் சாமான்), ஸ்பிரிங் எதுவும் இருக்காது. பில்லில் என்னவோ அவசர நிறுத்தச் சாதனம் என்றுதான் போட்டிருக்கும். ஆனால் கைக்கு வந்திருப்பது அதில் பாதி. மீதிப் பாதியை ஹார்டுவேர் கடையில் வாங்கி வெல்டரும் எலக்ட்ரீஷியனும் சேர்ந்து கட்டுகிறார்கள். ஆபத்து நேரத்தில் பெல்ட் நிற்குமா நிற்காதா என்பது அந்த மீதிப் பாதியில்தான் இருக்கிறது. அதனால் இங்கே சுவிட்சை மட்டும் தனியாகப் பார்க்காமல், கயிறு, வயரிங் எல்லாம் சேர்த்தே எடைபோட்டிருக்கிறது.

கணக்கில் எடுத்துக்கொண்டது 24 அங்குலம், 30 அங்குலம் பெல்ட் ஓடும் ஜல்லி, எம்-சாண்ட் கிரஷர்களை. 25 முதல் 40 மீட்டர் நீளம், ஏற்றமாகப் போகும் பெல்ட், திறந்த வெளி, கல்தூசு, அதன் மேல் மழை. அரிசி ஆலைக்கும், சர்க்கரை ஆலையில் சக்கை போகும் பெல்ட்டுக்கும் பெரும்பகுதி பொருந்தும். அனல் மின் நிலையத்தின் நிலக்கரி கன்வேயர்கள் வேறு கணக்கு. நூற்றுக்கணக்கான மீட்டர் நீளத்தில் எந்த சுவிட்ச் இழுபட்டது என்று கன்ட்ரோல் ரூமில் காட்டும் ஏற்பாடெல்லாம் அங்கே உண்டு. இங்கே அதற்குள் போகவில்லை.

ஆள் எங்கே மாட்டுகிறார்?

இது தெரியாமல் கயிறு கட்டினால் தவறான இடத்தில்தான் கட்டுவோம். பெல்ட்டும் டிரம்மும் ஒன்றையொன்று தொடத் தொடங்கும் இடம் ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும். கை, துண்டு, மண்வெட்டி, எது அதில் பட்டாலும் உள்ளே இழுபடும். கல்லைக் கொட்டும் மேல்முனையான ஹெட் டிரம்மில் இந்த வாய் மேல்பக்கம் இருக்கிறது; ஏணி போட்டு ஏறினால்தான் எட்டும். கல் ஏறும் கீழ்முனையான டெயில் டிரம்மில் அது கீழ்ப்பக்கம். திரும்பி வரும் பெல்ட் அடிவழியாகத்தான் டெயில் டிரம்முக்குள் நுழைகிறது. சிந்தும் கல்லும் சேறும் குவிவதும் அதே அடியில்தான். குனிந்து மண்வெட்டியால் அள்ளுகிறவரின் கைக்கும் பெல்ட் உள்வாங்கும் இடத்துக்கும் நடுவே ஒரு சாண் இடைவெளிகூடச் சில கிரஷர்களில் இல்லை. டிரம்மில் ஒட்டிய களிமண்ணை ஓட்டத்திலேயே கம்பியால் சுரண்டுவது, பெல்ட் ஒருபக்கம் ஒதுங்கினால் ஓடும்போதே டெயில் போல்ட்டைத் திருகுவது, ரிட்டர்ன் ரோலரில் சிக்கிய கல்லைக் கையால் தட்டிவிடுவது, பேரிங்குக்குக் கிரீஸ் அடிப்பது: கை போவது பெரும்பாலும் இந்த நான்கு வேலைகளில்.

பெல்ட் நொடிக்கு 1.6 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அரை நொடியில் 80 செ.மீ. விரல்நுனியில் தொடங்கினால் அது தோள்பட்டை வரைக்கும் வந்துவிடும் தூரம். அரை நொடிக்குள் யாராலும் கயிற்றைத் தேடிப் பிடிக்க முடியாது. ஆகவே புல் கார்டு விரலைக் காப்பாற்றும் என்று எதிர்பார்த்து வாங்க வேண்டாம். அதன் வேலை அதற்குப் பிறகு தொடங்குகிறது. கை மாட்டி நின்ற பிறகும் மோட்டார் நிற்காது. பெல்ட் அந்தக் கையின் மேலேயே உரசிக்கொண்டு ஓடும். தோலில் தொடங்கித் தசை, எலும்பு என்று தேய்த்துக்கொண்டே போகும். அந்த நொடிகளை வெட்டுவதுதான் இந்தச் சாதனம் செய்யக்கூடியது. அது சின்ன விஷயம் இல்லை.

மூன்று வகை

சந்தையில் கிடைப்பவற்றைப் பெயர் பார்த்துப் பிரிப்பதைவிட, இழுத்துவிட்டால் என்ன ஆகிறது என்று பார்த்துப் பிரிப்பது நல்லது.

முதல் வகையில் கயிற்றை இழுத்தால் கான்டாக்ட் (மின்சுற்றைச் சேர்த்துப் பிரிக்கும் முனை) திறக்கும், விட்டால் தானாகவே மூடிக்கொள்ளும். விலை குறைவு என்பதால் நிறைய விற்கிறது. இழுத்தவர் மயங்கி விழுந்து கயிறு தளர்ந்தால் சுற்று மறுபடி சேர்ந்துவிடும். அவசர நிறுத்தம் என்றால் இழுத்த நிலையிலேயே பூட்டிக்கொள்ள வேண்டும், அந்த இடத்துக்கே ஒருவர் நடந்துபோய்க் கையால் விடுவிக்க வேண்டும். அவசர நிறுத்தத்துக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 13850 சொல்வதும் இதைத்தான். கேட் திறக்கவோ ஹூட்டர் அடிக்கவோ வேண்டுமானால் இந்த வகையைப் பயன்படுத்தலாம். பெல்ட்டுக்கு வேண்டாம்.

இரண்டாவது வகை பூட்டிக்கொள்ளும். நடுவில் சுவிட்ச், இரண்டு பக்கமும் கயிறு, கயிற்றின் கடைசி முனை சட்டத்தில் கட்டப்பட்டிருக்கும். எந்தக் கயிற்றை இழுத்தாலும் உள்ளே கேம் (கான்டாக்டைத் தள்ளும் சுழல் துண்டு) திரும்பி லாக் ஆகும், வெளியே சிவப்புக் கொடியோ கையோ துருத்திக்கொண்டு நிற்கும். கிரஷர்களில் இன்று இருப்பவற்றில் பெரும்பாலானவை இதுதான். உடம்பு கெட்டியானது, கல் விழுந்தாலும் தாங்கும். ஆனால் கயிறு அறுந்தால் இந்த சுவிட்சுக்குத் தெரியாது. அறுந்த கயிறு ஐ-போல்ட்டில் தொங்கிக்கொண்டிருக்கும், பார்க்க எல்லாம் சரியாகவே இருக்கும்.

இன்னொரு குறை இதைவிட மோசம், கடைக்காரர் யாரும் சொல்லமாட்டார். மாட்டியவரைப் பெல்ட் இழுத்துக்கொண்டு போகிறது. அவர் கையில் பிடித்த கயிற்றையும் அதே திசையில் இழுக்கிறார். அந்தத் திசை சுவிட்சை நோக்கி இருந்தால் என்ன ஆகும்? கைக்கும் கட்டுமுனைக்கும் இடையிலுள்ள கயிறு விறைக்கும். கைக்கும் சுவிட்சுக்கும் இடையிலுள்ள கயிறு தளரும். சுவிட்ச் அசையாது. ஆள் முழுப் பலத்தோடு இழுத்துக்கொண்டிருப்பார், பெல்ட் ஓடிக்கொண்டிருக்கும்.

மூன்றாவது வகை இந்த இரண்டு ஓட்டைகளையும் அடைக்கிறது. கயிற்றை முன்கூட்டியே இழுவிசையோடு கட்டி, கடைசி முனையில் ஸ்பிரிங் போட வேண்டும். பெட்டியின் மேல் சின்ன ஜன்னலில் ஒரு குறி இருக்கும்; டர்ன் பக்கிளைத் திருகி அந்தக் குறியை நடுவில் நிறுத்த வேண்டும். கயிறு கூடுதலாக இழுபட்டாலும் கான்டாக்ட் திறக்கும், தளர்ந்தாலும் அறுந்தாலும் திறக்கும். சுவிட்சை நோக்கி இழுத்தால் முனையிலுள்ள ஸ்பிரிங் நீண்டு கயிறு தளரும், அதனாலும் திறக்கும். அந்த ஸ்பிரிங்கைத்தான் நிறையப் பேர் காசு மிச்சம் என்று விட்டுவிடுகிறார்கள். ஸ்பிரிங் இல்லாவிட்டால், சுவிட்சை நோக்கி இழுக்கும் அந்த ஓட்டை மூன்றாவது வகையிலும் திறந்தேதான் இருக்கும்.

மூன்றாவது வகைக்கு எதிராகச் சொல்லப்படும் புகார் ஒன்று உண்டு: வெயில் ஏறினால் சும்மா சும்மா நிற்கிறது என்பார்கள். புகார் பொய் இல்லை. எஃகு ஒரு டிகிரிக்கு மீட்டருக்கு 0.012 மி.மீ. நீளும். காலை 25 டிகிரியில் கட்டிய 25 மீட்டர் கயிறு, மதிய வெயிலில் 55 டிகிரிக்குப் போனால் 9 மி.மீ. நீண்டுவிடும். ஸ்பிரிங் இருந்தால் இதில் பெரும்பங்கை அது உள்வாங்கிக்கொள்ளும். இல்லாவிட்டால் குறி ஜன்னலைவிட்டு வெளியே போய் பெல்ட் நிற்கும். இரண்டு நாள் பொறுத்துப் பார்ப்பார்கள். மூன்றாம் நாள் யாராவது சுவிட்சின் கையைக் கம்பியால் சுற்றிக் கட்டிவிடுவார்கள். அப்படிக் கட்டிய சுவிட்ச் இருப்பதைவிட சுவிட்சே இல்லாமல் இருப்பது மேல். குறைந்தபட்சம் யாரும் அதை நம்பிக் கையை நீட்டமாட்டார்கள். கயிறு நீளத்தைப் பக்கத்துக்கு 15 மீட்டருக்குள் வைத்து, ஸ்பிரிங் போட்டு, வெயில் நன்றாக ஏறிய பிறகு ஒருமுறை, அதிகாலையில் ஒருமுறை குறியைப் பார்த்துச் சரிசெய்தால் இந்தத் தொல்லை பெரும்பாலும் அடங்கிவிடும்.

பெட்டியை வாங்கும்போது

மூடியைத் திறந்து உள்ளே கான்டாக்ட் பிளாக்கைப் பாருங்கள். வட்டத்துக்குள் அம்புக்குறி போட்ட அடையாளம் இருக்க வேண்டும். கான்டாக்ட் ஒட்டிக்கொண்டாலும் கேம் அதை நேரடியாகத் தள்ளித் திறக்கும் என்பதற்கான குறி அது. அது இல்லாமல் ஸ்பிரிங் பலத்தை மட்டும் நம்பித் திறக்கும் மைக்ரோ சுவிட்ச் வைத்த பெட்டிகள் வெளியே பார்க்க அச்சு அசலாக அப்படியே இருக்கும். இரண்டு என்சி (சாதாரணமாக மூடியிருந்து, இழுத்தால் திறப்பது), இரண்டு என்ஓ (சாதாரணமாகத் திறந்திருந்து, இழுத்தால் மூடுவது) உள்ளதாக வாங்குங்கள். என்சி மோட்டாரை நிறுத்த, என்ஓ விளக்கு எரிக்கவும் ஹூட்டர் அடிக்கவும்.

தூசும் தண்ணீரும் புகாது என்பதைக் குறிக்கும் ஐபி 67 என்று அச்சடித்திருப்பது புதுப் பெட்டிக்கு, சரியான கிளாண்ட் (கேபிளைச் சுற்றி இறுக்கும் மூடி) போட்டு இறுக்கிய நிலைக்கு. பயன்படாத இரண்டாவது துளையை இன்சுலேஷன் டேப்பால் மூடினால் அந்த எண்ணுக்கு மதிப்பில்லை. கேபிள் நுழையும் துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்ட வேண்டும். மேல்நோக்கி இருந்தால் முதல் மழையில் தண்ணீர் கேபிள் வழியே உள்ளே இறங்கும். கல்தூசும் தண்ணீரும் சேர்ந்தால் சிமெண்ட் மாதிரிதான். கைத்தண்டு வெளியே வரும் இடத்தில் ரப்பர் பூட் இல்லாத பெட்டி ஒரு மழைக்காலம் தாண்டுவது கஷ்டம். அதற்காகத் தண்டின் வெளிப்பக்கம் கிரீஸ் அப்பவும் கூடாது. தூசு அதில் ஒட்டி உலர்ந்து இன்னும் கெட்டியாகும்.

ரீசெட் கைப்பிடி, பெல்ட்டின் மேல் சாயாமல் நடைபாதையில் நின்றபடியே எட்டும் பக்கம் வரவேண்டும். ஒரே மாடலில் இடக்கை, வலக்கை என்று இரண்டு விதம் தருகிறார்கள். ஆர்டர் கொடுக்கும்போதே சொல்லிவிடுவது நல்லது.

கயிறு

பெல்ட்டின் இரண்டு பக்கமும் ஆள் நடமாட முடியுமானால் இரண்டு பக்கமும் கயிறு வேண்டும். 30 மீட்டர் பெல்ட்டுக்கு, பக்கத்துக்கு ஒரு சுவிட்சை நடுவில் வைத்தால், தேவைப்படும் சாமான்: 4 அல்லது 5 மி.மீ. கால்வனைஸ்டு கம்பிக் கயிறு, சிவப்பு பிவிசி உறை போட்டது, முனை மடிப்புக்கும் சேர்த்து 70 மீட்டர். இரண்டரை மீட்டருக்கு ஒன்று வீதம் 24 ஐ-போல்ட். நான்கு கயிற்றுத் துண்டுக்கு எட்டு முனை, அதனால் எட்டு திம்பிள். முனைக்கு மூன்று கிளாம்ப் வீதம் 24. துண்டுக்கு ஒன்றாக நான்கு டர்ன் பக்கிள். மூன்றாவது வகை சுவிட்சானால் நான்கு ஸ்பிரிங். இதையெல்லாம் சுவிட்சோடு ஒரே பில்லில் கேட்டு வாங்கினால் "கயிறு வரவில்லை, இப்போதைக்கு நைலான் கட்டியிருக்கிறோம்" என்ற பேச்சே வராது. நைலான் கயிறு நீளும். இழுத்தால் கயிறு வரும், சுவிட்ச் வராது. கட்டுக்கம்பியோ முறுக்கிக்கொண்டு ஐ-போல்ட்டிலேயே சிக்கி நிற்கும்.

முனை கட்டுவதில் இரண்டு தவறுகள் திரும்பத் திரும்பக் கண்ணில் படுகின்றன. ஒன்று, பிவிசி உறையின் மேலேயே கிளாம்ப் போடுவது. பிளாஸ்டிக் நசுங்கும், இறுக்கமாக இருப்பதுபோல் தோன்றும். பலமாக இழுத்தால் கம்பி உறைக்குள்ளிருந்து உருவிக்கொண்டு வந்துவிடும். கிளாம்ப் உட்காரும் நீளம் முழுக்க உறையைச் சீவிவிட்டு வெறும் கம்பியின் மேல் இறுக்க வேண்டும். சீவிய இடத்தில் துரு ஏறும் என்பதால் ஆறு மாதத்துக்கு ஒருமுறை அந்த முனையை மட்டும் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு இழை அறுந்திருந்தாலும் கயிற்றை மாற்றிவிடலாம், விலை பெரிதல்ல. இன்னொரு தவறு, கிளாம்பைத் தலைகீழாகப் போடுவது. பள்ளம் உள்ள இரும்புத் துண்டு சுமை தாங்கும் நீளக் கயிற்றின் மேல் உட்கார வேண்டும், யு போல்ட் வெட்டி மடித்த சிறு முனையின் மேல் வர வேண்டும். மாற்றிப் போட்டால் யு போல்ட் சுமைக் கயிற்றையே நசுக்கும்.

அடுத்தது தொய்வு. கயிறு "கொஞ்சம்" தொங்கினால் என்ன என்று கேட்பவர்களுக்கு ஒரு கணக்கு. இரண்டு ஐ-போல்ட்டுக்கு நடுவே 3 மீட்டர். நடுவில் பிடித்து 30 செ.மீ. பக்கவாட்டில் இழுத்தால் சுவிட்ச் பக்கத்திலிருந்து வெளியே வரும் கயிறு 6 செ.மீ. மட்டுமே. அதே 3 மீட்டரில் கயிறு 10 செ.மீ. தொங்கிக்கொண்டிருந்தால் அந்தத் தொய்வுக்குள் 9 மி.மீ. கயிறு ஒளிந்திருக்கிறது. 25 மீட்டரில் எட்டு இடைவெளி. எட்டு ஒன்பது 72 மி.மீ. நீங்கள் இழுத்த 6 செ.மீ. முழுவதையும் தொய்வே விழுங்கிவிட்டது. சுவிட்ச் கையின் வளையம் அசையக்கூட இல்லை. 5 மீட்டருக்கு ஒரு ஐ-போல்ட் என்று சிக்கனம் பிடித்தால் கதை இன்னும் மோசம். அவசர நிறுத்தக் கயிறு 200 நியூட்டனுக்குள், அதாவது ஏறக்குறைய 20 கிலோ இழுப்பில், 400 மி.மீ. நகர்வுக்குள் சுவிட்சை இயக்கிவிட வேண்டும் என்பது பொதுவான அளவுகோல். ஒரு கை மாட்டிய நிலையில், மறுகையால், குனிந்தபடி 20 கிலோ இழுப்பது எப்படி என்று யோசித்தால் அதிலும் பாதியில் நிற்கும்படி கட்டத் தோன்றும்.

கயிறு வளையும் இடத்தில் ஐ-போல்ட் உதவாது, உருளை வைக்க வேண்டும். அது முடியாத இடத்தில் அந்த நீளத்துக்குத் தனி சுவிட்ச் போட்டுவிடுவது மேல்.

டெயிலைத் தாண்டிப் போகவேண்டும்

பல கிரஷர்களில் கயிற்றின் கடைசி முனை எங்கே கட்டப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். சட்டத்தின் கடைசிக் காலில். அது டெயில் டிரம்முக்கு இரண்டு மூன்று மீட்டர் முன்னாலேயே முடிந்துவிடும், காரணம் அங்கேதான் வெல்டு வைக்க வசதியான கால் இருக்கிறது. அதாவது ஆள் அதிகம் மாட்டும் இடத்தில் கயிறே இல்லை. யாரும் போகாத நடு நீளத்தில் கச்சிதமாக ஓடுகிறது. டிரம்முக்கு அப்பால் ஒரு மீட்டர் தள்ளித் தனிக் கம்பம் நட்டு அதில் முனையைக் கட்ட வேண்டும். கயிறு பெல்ட்டின் விளிம்பு உயரத்தில், நிற்பவருக்கும் குனிந்தவருக்கும் எட்டும்படி இருக்க வேண்டும். டெயில் தரைமட்டத்துக்குக் கீழே குழிக்குள் இருந்தால் அந்தக் குழிக்குள்ளேயே கயிறு இறங்க வேண்டும். பட்ஜெட்டில் ஒரே ஒரு மூன்றாவது வகை சுவிட்ச்தான் முடியும் என்றால், அதை டெயில் முனைக்கென்றே வாங்குங்கள். மீதி நீளத்துக்கு இரண்டாவது வகை போதும்.

வயரிங்கில் போகும் உயிர்

நல்ல சுவிட்ச், நல்ல கயிறு எல்லாம் போட்டு, பேனலில் கோட்டைவிடுவது நடக்கிறது. எல்லா சுவிட்சின் என்சி கான்டாக்டும் தொடராக, மோட்டாருக்கு மின்சாரம் விடும் கான்டாக்டரின் காயில் வழியில் வர வேண்டும். எங்காவது வயர் அறுந்தாலும் பெல்ட் நிற்க வேண்டும் என்பதுதான் என்சி-யைத் தேர்ந்தெடுப்பதன் பொருள். என்ஓ-வை பிஎல்சி என்ற கட்டுப்பாட்டுக் கணினியின் இன்புட்டுக்குக் கொடுத்து புரோகிராமில் நிறுத்தச் சொல்லியிருந்தால், வயரை எலி கடித்த நாளிலிருந்து அந்த சுவிட்ச் செத்தது, யாருக்கும் தெரியாது.

ஸ்டார்ட் பட்டனுக்குப் பதிலாகத் திருகும் செலக்டர் சுவிட்ச் வைத்த பேனல்கள் இன்னும் இருக்கின்றன. கயிற்றை இழுத்தால் பெல்ட் நிற்கும், செலக்டர் "ஆன்" நிலையிலேயே இருக்கும். யாரோ போய் ரீசெட் கைப்பிடியைத் திருப்பிய நொடியில் பெல்ட் ஓடத் தொடங்கும். மாட்டியவரை வெளியே எடுத்துக்கொண்டிருக்கும்போது இது நடந்தால் என்ன ஆகும் என்று எழுத வேண்டியதில்லை. ரீசெட் செய்வது ஓட்டத்துக்கு அனுமதி கொடுக்க மட்டுமே. ஓட்டுவதற்குத் தனியாக ஸ்டார்ட் பட்டன் அழுத்த வேண்டும். தானே பிடித்துக்கொள்ளும் கான்டாக்டர் சுற்று இதைச் சும்மாவே செய்துவிடும், கூடுதல் செலவு ஒன்றுமில்லை.

மோட்டார் வேகத்தை மாற்றும் வேறியபிள் டிரைவ் போட்ட இடங்களில் இன்னொரு பொறி. புல் கார்டை டிரைவின் ரன் டெர்மினலுக்குக் கொடுத்திருப்பார்கள். டிரைவில் நிறுத்த நேரம் 10 நொடி என்று செட் செய்திருக்கும். கயிற்றை இழுத்த பிறகும் பெல்ட் 10 நொடி நிதானமாக ஓடித்தான் நிற்கும். மோட்டாரின் முறுக்குவிசையை உடனே நிறுத்தும் எஸ்டிஓ டெர்மினல் இருந்தால் அதற்குக் கொடுங்கள், இல்லையென்றால் மெயின் கான்டாக்டரை வெட்டுங்கள். சுமையோடு ஏறும் பெல்ட் மின்சாரம் போனதும் சீக்கிரமே நின்றுவிடும். ஆனால் நின்ற பிறகு சுமை பின்னால் இழுக்கும். கியர் பாக்ஸில், பின்னோக்கிச் சுழல விடாத பேக் ஸ்டாப் இல்லாவிட்டால் பெல்ட் பின்னோக்கி ஓடி, இதுவரை பாதுகாப்பாக இருந்த பக்கம் புதிய வாய் திறக்கும். புல் கார்டுக்குச் செலவழிக்குமுன் பேக் ஸ்டாப் வேலை செய்கிறதா என்று பார்ப்பது முறை.

கடைசியாக, ஒரு பெல்ட் நின்றால் அதற்கு ஊட்டும் பெல்ட்டும் ஃபீடரும் சேர்ந்து நிற்க வேண்டும். நிற்காவிட்டால் சந்திப்பில் கல் மலையாகக் குவியும். அதை அள்ள இரண்டு மணி நேரம் ஆகும். அடுத்த முறை கயிற்றை இழுக்க எல்லோரும் யோசிப்பார்கள்.

சோதனை

மாதத்துக்கு ஒருமுறை, பெல்ட் காலியாக ஓடும்போது, சுவிட்ச் பக்கத்தில் அல்லாமல் கயிற்றின் கடைசி இடைவெளியில் இழுத்துப் பார்க்க வேண்டும். சுவிட்சுக்கு அருகே இழுத்தால் எல்லாமே வேலை செய்யும். தூரத்தில்தான் குட்டு உடையும். மீன் கடையில் தொங்கும் ஸ்பிரிங் தராசு போதும். கயிற்றில் மாட்டி இழுங்கள், எத்தனை கிலோவில் நிற்கிறது, கயிறு எவ்வளவு நகர்ந்தது என்று சுவரிலேயே சாக்பீஸால் எழுதலாம். போன மாதம் 8 கிலோ, இந்த மாதம் 14 என்றால் எங்கோ ஐ-போல்ட்டில் உரசுகிறது அல்லது தொய்வு கூடியிருக்கிறது. பிறகு மேல்நோக்கி, கீழ்நோக்கி, சுவிட்சை நோக்கி என்று திசை மாற்றி இழுங்கள். நின்ற பிறகு ரீசெட் செய்து பெல்ட் தானாக ஓடவில்லை என்பதை உறுதிசெய்யுங்கள். டெயிலில் இருப்பவர் கண்ணில் படாத ஏற்ற பெல்ட்டுக்கு, ஓடத் தொடங்குமுன் பத்து நொடி ஹூட்டர் அடிக்க வேண்டும்.

கிரஷர் வேலைக்கு ஒடிசா, பீகார், ஜார்க்கண்ட் ஆட்கள் நிறைய வருகிறார்கள். "அவசரத்தில் இழுக்கவும்" என்று தமிழில் மட்டும் எழுதிய பலகை அவர்களுக்கு ஒரு கோலம்தான். இந்தியிலும் ஒடியாவிலும் எழுதுவது நல்லது. அதைவிட நல்லது, வேலைக்குச் சேரும் முதல் நாளே அவர் கையாலேயே ஒருமுறை கயிற்றை இழுக்கவைத்து பெல்ட்டை நிறுத்திக் காட்டுவது. இழுத்தால் திட்டு விழும் என்று நினைப்பவர் கடைசி வரை இழுக்கமாட்டார்.

இது செய்யாதது

1948 தொழிற்சாலைகள் சட்டத்தில் 21ஆம் பிரிவு ஆபத்தான பாகத்தை மூடச் சொன்னது, 24ஆம் பிரிவு அவசரத்தில் மின்விசையைத் துண்டிக்கும் சாதனம் கேட்டது. இரண்டும் தனித்தனிப் பிரிவு என்பதைக் கவனியுங்கள். ஒன்று இருந்தால் மற்றது வேண்டாம் என்று எங்கும் இல்லை. டெயில் டிரம்மைச் சுற்றிக் கம்பி வலைக் கவசம் போடாமல் புல் கார்டு மட்டும் போடுவது, கிணற்றுக்குச் சுவர் கட்டாமல் கயிறு மட்டும் தொங்கவிடுவது மாதிரி.

வலையின் கண்ணுக்கும் தூரத்துக்கும் கணக்கு உண்டு. சதுரக் கண் 20 மி.மீ. வரை என்றால் ஆபத்தான இடத்திலிருந்து குறைந்தது 120 மி.மீ. தள்ளி வலை இருக்க வேண்டும், 40 மி.மீ. கண் என்றால் 200 மி.மீ.; அதற்கு மேல் போனால் முழுக் கையும் நுழையும் என்பதால் 850 மி.மீ. ஐஎஸ்ஓ 13857 தரும் அட்டவணை இது. கோழி வலையை டிரம்மை ஒட்டிக் கட்டிவைத்தால் கவசம் ஆகாது. கவசத்தின் அடியில் மண்வெட்டி போகும் அளவு வாய் விட்டு, நீளக் கைப்பிடி கொண்ட சுரண்டியால் வெளியே நின்றே இழுக்கும்படி செய்யுங்கள். பேரிங் நிப்பிளை 6 மி.மீ. குழாய் வழியே கவசத்துக்கு வெளியே கொண்டுவந்துவிட்டால் கிரீஸ் அடிக்க யாரும் கவசத்தைக் கழற்ற வேண்டாம். கழற்றிய கவசம் திரும்பி மாட்டப்படுவது அபூர்வம் என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான்.

புல் கார்டை இழுத்துவிட்டுப் பழுது பார்க்கக் கைவைப்பதும் கூடாது. அது கன்ட்ரோல் சுற்றை மட்டும்தான் திறக்கிறது. மின்சாரத்தை மொத்தமாகத் துண்டிக்கும் மெயின் ஐசொலேட்டரை இறக்கிப் பூட்டுப் போட்டு, சாவியை வேலை செய்பவரே பையில் வைத்துக்கொள்ள வேண்டும்.

ஆள் மாட்டிவிட்டால்

கயிற்றை இழுத்தாயிற்று, பெல்ட் நின்றுவிட்டது. முதலில் வரும் யோசனை "ரிவர்ஸில் கொஞ்சம் ஓட்டினால் கை வெளியே வந்துவிடும்" என்பது. ஓட்டக் கூடாது. மோட்டார் ஒரு துடிப்புத் துடித்தாலே பெல்ட் ஒரு சாண் போகும். ஐசொலேட்டரைப் பூட்டுங்கள், டெயிலில் இரண்டு பக்கமும் உள்ள பெல்ட்டை இறுக்கும் டேக்-அப் திருகாணிகளைத் தளர்த்துங்கள். பெரும்பாலும் அந்தத் தளர்விலேயே கை விடுபடும். பெல்ட்டை வெட்டியே ஆகவேண்டும் என்றால், ஏற்ற பெல்ட்டில் வெட்டு விழுந்ததும் சுமையோடு கீழே சரியும் என்பதால், வெட்டுமுன் பெல்ட்டைச் சட்டத்தோடு கிளாம்ப் போட்டுக் கட்டுங்கள். அதற்கான ஸ்பேனரும் கிளாம்பும் டெயில் பக்கமே ஒரு பெட்டியில் இருக்கட்டும், ஒர்க்‌ஷாப் அலமாரியில் அல்ல. ரத்தம் வரும் இடத்தைச் சுத்தமான துணியால் அழுத்திப் பிடித்து 108-ஐ அழையுங்கள். துண்டான விரலை ஈரத்துணியில் சுற்றி, பிளாஸ்டிக் கவரில் போட்டு மூடி, அந்தக் கவரை ஐஸ் மேல் வைக்க வேண்டும். ஐஸ் நேரடியாகச் சதையைத் தொடக் கூடாது.

எதை வாங்கலாம்?

இரண்டாவது வகையில், அம்புக்குறி அடையாளமும் ரப்பர் பூட்டும் உள்ள பெட்டி பெரும்பாலான கிரஷருக்குக் கொடுக்கும் காசுக்குத் தகுந்த பொருள். டெயில் முனைக்கு மூன்றாவது வகை, ஸ்பிரிங்கோடு. விலை இரண்டாவது வகையைவிட நன்றாகவே கூடும். ஒரு புது பெல்ட் வாங்கும் செலவோடு ஒப்பிட்டால் பெரிதாகத் தெரியாது. முதல் வகையை இலவசமாகக் கொடுத்தாலும் வேண்டாம்.

வாங்கும்போது ஒரு சுவிட்சும் 20 மீட்டர் கயிறும் சேர்த்தே ஸ்டோரில் வையுங்கள். சுவிட்ச் கெட்டால் மாற்று வரும்வரை அதன் வயர்களை நேரடியாக இணைத்து ஷார்ட் செய்து பெல்ட்டை ஓட்டுவதுதான் வழக்கமாக நடப்பது. மாற்று கையில் இருந்தால் அரை மணி நேர வேலை.